ரெக்ஸின் என்று சொன்ன பூட்ஸ்

எங்கள் திண்டிவனத்தில் ஐஸைக் கரும்புச்சாறு வண்டியில்தான் பார்க்கலாம். அதனால் நான் கற்றது சக்கர ஸ்கேட்டிங். பூட்ஸுக்கு அடியில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரங்கள். பாட்டுக்கு ஏற்றபடி சுழன்று, தாவி, ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். சொந்தக்காரர்களுக்கு இதை விளக்கி மாளவில்லை. "ரேஸா பாப்பா? எவ்ளோ ஸ்பீடு போவ?" என்றே கேட்டார்கள்.

நாங்கள் சமணர்கள். வீட்டுக்குள் தோல் வராது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்த அப்பா துணி பெல்ட் கட்டுவார், ரப்பர் செருப்பு போடுவார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் தோல் பை இருந்தால், எழுந்து நின்றுகொண்டே ஊர் வந்து சேர்வார். என்னைச் சேர்த்துவிட அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: பூட்ஸ் ரெக்ஸினில் இருக்க வேண்டும்.

விழுப்புரத்தில் சொல்லிக்கொடுத்த கோச் அக்கா, நான் ஒன்றரைச் சுற்றுத் தாவலை ஆரம்பித்ததும் என் பூட்ஸை அமுக்கிப் பார்த்தார். அது பழைய துணி மாதிரி மடங்கியது.

"இத்தப் போட்டுக்கினு தாவினா கணுக்கால் ஒடைஞ்சிடும். தாவுறதுக்குத் தோல்தான் வேணும்."

பழைய மாணவி ஒருத்தி விட்டுப்போன வெள்ளைத் தோல் பூட்ஸை எடுத்துக் கொடுத்தார். வெளியே பைக்கோடு காத்திருந்த அப்பா, "புதுசா?" என்றார்.

"அக்கா குடுத்தாங்கப்பா. நல்ல ரெக்ஸின்."

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை, வாயில் வந்துவிட்டது. ஆனால் அதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து அப்பா அந்த பூட்ஸை ஈரத்துணியால் துடைப்பார், லேஸ் கட்டிவிடுவார். நான் வேறெங்காவது பார்த்துக்கொண்டிருப்பேன். மாவட்டப் போட்டியில் முதலிடம் வந்ததும் மேல்சித்தாமூர் சமணக் கோயிலுக்கு அழைத்துப்போனார். பார்த்தவர்களிடமெல்லாம், "தோலு இல்லாமயே ஜெயிச்சிக்கினு வர்றா எங்க பாப்பா," என்றார். முழுப் பூசணிக்காயை நான் சோற்றில் மறைத்தேன், அவர் அதை ஊருக்கே பரிமாறினார். அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கொஞ்சமும் நியாயமில்லாத கோபம். சொன்னால் ஸ்கேட்டிங் போய்விடும். சொல்லாமல் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாநிலப் போட்டிக்கு ஒரு வாரம் இருந்தபோது, செஞ்சிப் பக்கத்திலிருந்து எங்கள் ஆட்களில் ஓர் அம்மா, எட்டு வயது மகளோடு பயிற்சிக்கு வந்தார். அந்தக் குழந்தையின் காலில் புத்தம்புது ரெக்ஸின் பூட்ஸ்.

"ஒங்கப்பா சொன்னாருன்னுதாம்மா வாங்கினோம். இதப் போட்டுக்கினு ஒன்ன மாதிரியே தாவலாம் இல்ல?"

பக்கத்தில் அப்பா பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றார். குழந்தை அதற்குள் தாவிப் பார்க்கக் கையை விரித்துவிட்டது.

ஆமாம் என்று சொல்லிவிடலாம், உடைந்தால் அவள் கால்தானே. உண்மையிலேயே ஒரு நொடி அப்படி நினைத்தேன். இன்றைக்கும் அதற்கு வெட்கப்படுகிறேன்.

"தாவ வேணாம்னு சொல்லுங்க ஆன்ட்டி. காலு ஒடைஞ்சிடும். என்னோடது ரெக்ஸின் இல்ல, தோலு."

அப்பா திட்டவில்லை. தன் உள்ளங்கைகளை ஒருமுறை பார்த்தார். பிறகு பைக்கில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வீட்டு முன்னால் இறங்கியபோது, "போட்டிக்குப் போ. வேணாங்கல. நான் வரல," என்றார்.

அம்மாவோடு பஸ்ஸில் போனேன். ஒன்றரைச் சுற்று சுத்தமாக இறங்கியது. இரண்டாவது இடம். கழுத்தில் பதக்கத்தோடு வீட்டுக்கு ஓடினேன். என்னைப் பார்த்ததும் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். எப்போதும்போலப் பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பார் என்று அவசரமாகக் கழற்றினேன்.

அவர் ஒரு எட்டு பின்னால் நகர்ந்து நின்றார்.

"குளிச்சிட்டு உள்ள வா," என்றார்.