தோயன் கடையின் முதல் பொல்ஸே

செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்குப் புருசெத் நிலையத்தில் டி-பானே ஏறினோம். ஒஸ்லோவின் நகர ரயிலுக்கு அதுதான் பெயர். ஒற்றைச் சீட்டு 44 குரோனர். தோயன் நிலையத்துக்குப் பதினான்கு நிமிடம். அக்டோபர் மூன்றாம் வாரம்; வெளியே ஐந்து டிகிரி, அப்போதுதான் விடிந்திருந்தது. பெட்டியில் எல்லோரும் இருக்கைக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது ஆளாகப் பக்கத்தில் உட்காருவதைவிட நிற்பதே மேல் என்று நினைக்கும் ஊர் இது.

என்னோடு வந்தவர் வசந்தி. நான் அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டுக்காரி. சாவகச்சேரியில் பிறந்தவர், இருபத்திரண்டு வயதில் இங்கே வந்தவர், இப்போது ஐம்பதை நெருங்குகிறார். தோயனில் ஒரு பொல்ஸே கடையில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறார். பொல்ஸே என்பது நீளமான பன்றியிறைச்சிக் குழல், நாம் சாசேஜ் என்பது. நார்வேக்காரர்கள் அதைப் பெட்ரோல் நிலையத்திலும் தின்பார்கள், பிள்ளையின் பிறந்தநாளிலும் தின்பார்கள், நாட்டின் கொண்டாட்ட நாளிலும் தின்பார்கள்.

"திருச்சியிலை இருந்து வந்து பொல்ஸே பாக்க வாற முதல் ஆள் நீங்கள்தான் அக்கா. ஆக்கள் மலை பாக்க, கடல் பாக்க வருவினம்" என்றார்.

"மலை எங்க ஊர்லயும் இருக்கு" என்றேன்.

கடை நிலையத்திலிருந்து நானூறு மீட்டர். பூங்காவின் சுவரை ஒட்டி நிற்கும் பச்சைப் பலகைக் கூண்டு. உள்ளே ஒருவர் நிற்கலாம், இரண்டாமவர் வந்தால் முழங்கை இடிக்கும். முன்பக்கப் பலகையை மேலே தூக்கிக் கொக்கியில் மாட்டினால் கடை திறந்ததாகப் பொருள். பலகை தூக்கப்படுவதற்கு முன்பே ஒன்பது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள், ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஒரு ஆள் நுழையும் இடைவெளியோடு.

அவர்கள் வருவது இந்தக் கடையின் விசேஷத்துக்காக. ஒஸ்லோவின் மற்ற இடங்களில் பொல்ஸேயை ரொட்டியிலோ, லும்பே என்ற மெல்லிய உருளைக்கிழங்கு அடையிலோ சுற்றித் தருவார்கள். இங்கே வாஃபிளில் சுற்றித் தருகிறார்கள். ஒஸ்லோவுக்குத் தெற்கே கடற்கழியை ஒட்டிய ஊர்களின் பழக்கம் இது. ஐந்து இதயங்கள் சேர்ந்த பூப்போல் வார்க்கும் மெத்தென்ற வாஃபிள். வழக்கமாக ஜாம் தடவித் தின்னும் பலகாரம். அதன் நடுவே வாட்டிய பொல்ஸே, மேலே ஒரு கரண்டி இறால் சாலட், பொரித்த வெங்காயம், கடுகுக் குழம்பு. விலை 59 குரோனர், நம் காசில் ஏறக்குறைய ஐந்நூறு ரூபாய். மாவில் ஏலக்காய் போடுகிறார்கள். இரும்பு அச்சு மூடியைத் திறந்ததும் அடித்த வாசனைக்கு அடுத்ததாகப் பாயசம் வரும் என்றுதான் என் மூக்கு எதிர்பார்த்தது. இறால் வந்தது. முதல் கடியில் குழப்பம். இரண்டாவது கடியில் இனிப்பு பின்னால் போய் உப்பு முன்னால் வந்தது. மூன்றாவது கடிக்குப் பிறகு நான் குறிப்பெடுக்கவில்லை.

ஆனால் அன்று நான் முதலில் கவனித்தது வேறு. பலகையைத் தூக்கியதும் வசந்தி யாரிடமும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு வாஃபிள் வார்த்தார், பொல்ஸேயைச் சுற்றினார், வரிசை முழுக்கப் பார்க்க நின்றபடி தானே கடைசிவரை தின்றார். ஒன்பது பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். வாயைத் துடைத்துவிட்டு அவர் தலையசைத்த பிறகுதான் முதல் ஆள் முன்னால் வந்தார்.

கடைக்காரர் ஆர்னே போட்ட வழக்கம் அது. எழுபது கடந்தவர். கடை திறந்த நாளிலிருந்து, பலகையைத் தூக்குகிறவர்தான் முதல் பொல்ஸேயைத் தின்ன வேண்டும், அதுவும் வாங்க வந்தவர்களின் கண் முன்னால். அவர் இல்லாத நாட்களில் வசந்தி தின்பார்.

இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஆர்னே கடையை யாரிடமாவது கொடுத்துவிட நினைக்கிறார். ஒரு காப்பிக் கம்பெனி கேட்டிருக்கிறது. வசந்தியும் கேட்டிருக்கிறார். "ஒரு மாதம் நீயே நடத்து, வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று ஆர்னே சொல்லியிருந்தார். அந்த மாதத்தின் கடைசி வாரம் இது. திங்கட்கிழமை வருகிறார்.

"அதுக்கை ஒரு சிக்கல் அக்கா. நாளைக்குக் கந்தசஷ்டி தொடங்குது" என்றார் வசந்தி, தட்டைக் கழுவிக்கொண்டே.

அவர் சஷ்டியின் ஆறு நாளும் இருட்டிய பிறகு ஒரு தரம் பாலும் பழமும் மட்டும் எடுப்பவர். போன ஆண்டுவரை அந்த ஆறு நாளும் விடுப்பு எடுத்தார், ஆர்னே நின்று பார்த்துக்கொண்டார். இந்த ஆண்டு விடுப்பு எடுத்தால் கடை பூட்டிக்கிடக்கும்.

"அவர்கிட்ட சொல்லிட்டா என்ன?" என்று கேட்டேன்.

"சொன்னால் ஊன்றுகோலையும் ஊன்றிக்கொண்டு வந்து நிப்பார், நல்ல மனுசன். பிறகு என்னெண்டு அக்கா இந்தக் கடையை என்னட்டைத் தாறது? ஒவ்வொரு வருசமும் ஆறு நாள் அவர் வந்து நிக்க ஏலுமே?"

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் இதே பேச்சுதான். வசந்தியின் கணவர் இரத்தினம் டாக்சி ஓட்டுகிறார். எதையும் பகிடியாக்கித்தான், எங்கள் ஊர்ச் சொல்லில் கிண்டலாக்கித்தான், யோசிப்பார். மனைவியை அவர் 'நீர்' என்று அழைப்பதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. திருச்சியில் அந்தச் சொல்லைச் சண்டைக்குத்தான் எடுப்போம்.

"இஞ்சேரும், மரக்கறிப் பொல்ஸே இருக்குத்தானே. அதைத் தின்னுமன். ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அவை வாங்கிறதைத்தான் நான் தின்ன வேணும். இல்லாட்டி என்னத்துக்கு அந்தச் சடங்கு? அதோடை வாஃபிளிலை முட்டை கிடக்கு. பகலிலை நான் தண்ணிதானப்பா."

"அப்ப முருகனிட்டை ஒரு அனுமதி எடும். அவரும் வேலோடை நிக்கிறவர், குத்தி வாட்டிற தொழில் அவருக்கு விளங்கும்."

"வாயைக் கழுவுங்கோ" என்றார் வசந்தி. ஆனால் சிரித்துவிட்டார்.

விரதத்தோடு இறைச்சி விற்கலாமா என்று நான் கேட்டேன். "விக்கிறது தொழில். தின்னாமல் இருக்கிறதுதான் விரதம். இடுக்கியாலைதானே தொடுறன்" என்று பதில் வந்தது. எழுந்து போனவர் வாசலில் நின்று திரும்பி, "நாளைக்கு ஆக்களிட்டைச் சொல்லத்தான் போறன். என்ன வருதோ வரட்டும்" என்றார்.

புதன் காலை ஒன்பதரைக்குப் பலகை மேலே போனது. எட்டுப் பேர். வசந்தி நெற்றியில் திருநீற்றோடு நின்றார். வாஃபிளைச் சுற்றினார். தின்னாமல் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நார்வேஜிய மொழியில் சில வாக்கியங்கள் சொன்னார். பிறகு எனக்கும் தமிழில் சொன்னார்: "ஆறு நாளைக்கு நான் சாப்பிடமாட்டன், எங்கடை சாமிக்கு விரதம். முதல் பொல்ஸேயை எனக்காக ஆர் சாப்பிடுவியள் எண்டு கேட்டிருக்கிறன்."

யாரும் அசையவில்லை. எட்டுப் பேரும் தரையையும் பூங்காச் சுவரையும் பார்த்தார்கள். விருப்பமின்மை அல்ல என்று பின்னால் புரிந்தது. வரிசையில் ஒருவர் தன்னை முன்னால் தள்ளிக்கொள்வது இங்கே கூச்சமான காரியம். வாஃபிளிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. வசந்தியின் கை தாழவில்லை. நான் போய் வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். ஆனால் வெளியூர்க்காரி தின்பதற்கு அந்த வரிசையில் மதிப்பில்லை.

ஐந்தாவதாக நின்றிருந்த தபால்காரப் பெண் வண்டியை விட்டுவிட்டு முன்னால் வந்தார். பெயர் இங்கெர், ஆறடிக்குக் குறையாத உயரம். வாங்கினார், வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்றார், வசந்தி செய்வதைப் போலவே கடைசிவரை தின்றார். பிறகு இரண்டே சொல்.

"என்ன சொன்னாங்க?"

"மோசமில்லையாம். இஞ்சை அதுக்கு மேலை புகழ்ச்சி இல்லை அக்கா."

இங்கெர் மறுபடி ஐந்தாவது இடத்துக்கே போய் நின்று, தன் முறை வந்தபோது இன்னொன்று வாங்கினார்.

வியாழனன்று வசந்தி கேட்க வேண்டியிருக்கவில்லை. பலகை மேலே போனதும் வரிசையின் முதல் ஆளே கையை நீட்டினார். வெள்ளிக்கிழமை மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு நூலகர். அவர்களுக்குள் பேசிக்கொண்டார்களா என்று கவனித்தேன். பேசியதாகத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு முறை உருவாகியிருந்தது.

சனிக்கிழமை மறுபடி இங்கெர். ஒரு கடி கடித்தார். மென்றார். நின்றார். மிச்சத்தைப் பலகைமேல் வைத்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னார். வசந்தியின் முகம் மாறியது. மாவு வாளியை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"ஏலக்காய் ரெண்டு தரம் போட்டிட்டன். நக்கிப் பாக்க ஏலாதெல்லே, நினைவில்லை."

வாளியில் அரை நாளுக்கான மாவு இருந்தது. கூடுதல் ஏலக்காய்க்கு யாரும் காசைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை. கடுகும் இறாலும் அதைப் பாதி மறைத்துவிடும். வசந்தி வரிசையைப் பார்த்து, "இருபது நிமிடம் ஆகும்" என்றார். வாளியை அப்படியே கழிவுத் தொட்டியில் கவிழ்த்தார். முட்டைகளை உடைக்கத் தொடங்கினார். மழை தூறியது. பத்துப் பேர் நின்றிருந்தார்கள், ஒருவரும் போகவில்லை. புது மாவில் வார்த்த முதலாவதையும் இங்கெரே தின்றார். இன்றைக்குத் தனக்கு இரண்டு காலையுணவு என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

ஞாயிறு கடை விடுமுறை. அன்று வீட்டில் வசந்தி அதிகம் கதைக்கவில்லை. (பேசவில்லை என்று எழுதியிருப்பேன், ஒரு வாரம் புருசெத்தில் இருந்தால் சொல் மாறிவிடுகிறது.) இரத்தினமும் பகிடி விடவில்லை.

திங்கட்கிழமை. சூரன் போர் நாள். ஆர்னே பத்து மணிக்கு வந்தார், இடது கையில் ஊன்றுகோல், தலையில் கம்பளித் தொப்பி. நாங்கள் அவரை ஒன்பதரைக்கே எதிர்பார்த்திருந்தோம். அவர் வந்தபோது முதல் பொல்ஸேயை இங்கெர் தின்று முடித்து ஓரமாக நின்றிருந்தார். பக்கவாட்டுக் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். அப்போது இங்கெர் கூப்பிட்டார். இருவரும் இரண்டு நிமிடம் பேசினார்கள். ஒரு முறை இங்கெர் கழிவுத் தொட்டியைக் கைகாட்டினார். வசந்தி பார்க்காததுபோல் வெங்காயத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பொன்னிறம் தாண்டியிருந்தது.

ஆர்னே தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். சுற்றி வந்து வரிசையின் கடைசியில் நின்றார்.

அவருக்கு முன்னால் ஏழு பேர். ஊன்றுகோலைப் பார்த்து ஒருவர் இடம் தர, வேண்டாம் என்று தலையாட்டினார். ஒவ்வொரு அடியாக நகர்ந்து பலகைக்கு வந்து சேர்ந்தார். வசந்தி மற்றவர்களிடம் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார். அந்த ஒரு வாரத்தில் எனக்கும் அது பழகியிருந்தது: வேகவைத்ததா, வாட்டியதா?

ஆர்னே வாயைத் திறந்து மூடினார். வாழ்நாளில் பாதியை அந்தக் கேள்வியைக் கேட்டே கழித்தவர். யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"எது நல்லது?" என்றார் கடைசியில்.

"நான் இன்றைக்குச் சாப்பிடவில்லை. இங்கெரைக் கேளுங்கள்."

வரிசை சிரித்தது. அந்த ஊரில் ஒரு வரிசை சேர்ந்து சிரிப்பதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஆர்னே வாட்டியதை வாங்கி, 59 குரோனரைக் கொடுத்து, மரத்தடிக்குப் போய் நின்று தின்றார். தின்று முடித்து, காகிதத்தை மடித்துத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். வெங்காயம் கொஞ்சம் கருகியிருக்கிறது என்றார். பிறகு, காப்பிக்காரர்களுக்கு மத்தியானம் போன் செய்து கடைக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று சொல்லப்போவதாகச் சொன்னார். வசந்தி எனக்கு அதைத் தமிழில் சொல்ல முயன்று, பாதியில் நிறுத்திவிட்டு (முழுதும் வீட்டில்தான் கேட்டேன்), அடுத்த ஆளிடம் வேகவைத்ததா வாட்டியதா என்று கேட்டார்.

செவ்வாய், நான் புறப்படும் நாள். அதிகாலையிலேயே வசந்தி விரதத்தை விடும் பாரணையை முடித்திருந்தார்: சோறு, பருப்பு, ஏழெட்டு மரக்கறி. அன்றும் அவர் வீட்டில் மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, இல்லை. விமான நிலையத்துக்கு ரயில் பதினொன்றரைக்குத்தான். பெட்டியோடு தோயனில் இறங்கினேன். பலகை மேலே போயிற்று. இங்கெர் வழக்கப்படி கையை நீட்டினார். வசந்தி அவரைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"அக்கா, இண்டைக்கு உங்கடை முறை. வாங்கோ முன்னாலை."

திருச்சியில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஒரு நல்ல உணவகம் உண்டு. முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். மதியம் ஒரு மணிக்கு அவருக்கு வீட்டிலிருந்து டிபன் கேரியர் வரும். நாங்கள் பார்க்கவே அதைத் திறந்து சாப்பிடுவார். அதில் தவறாக எதையும் இத்தனை ஆண்டுகள் நான் கண்டதில்லை.

பெட்டியை இங்கெரின் தபால் வண்டிமேல் சாய்த்துவிட்டு, வரிசையைப் பார்த்து நின்று, கடைசிவரை தின்றேன். பதினோரு பேர் காத்திருந்தார்கள். ஏலக்காய் அளவாக இருந்தது. வெங்காயம் கருகவில்லை. எனக்குச் சொல்ல வரும் ஒரே நார்வேஜியச் சொற்றொடரைச் சொன்னேன்: மோசமில்லை.

வரிசை ஓரடி முன்னே நகர்ந்தது.