பந்திக்கு முன்னால் நீட்டிய கை

தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் என் இரத்த அழுத்த மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. பேசியவர் நடராசன், டாக்டர் கலியபெருமாளின் தம்பி. “டாக்டரம்மா, அண்ணன் போயிட்டாருங்க. காலையில குளிச்சிட்டு வந்து நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு உக்காந்தாரு. கார்ல ஏத்திக்கிட்டுப் போறதுக்குள்ள...” கடைக்காரர் மாத்திரை அட்டையை நீட்டிக்கொண்டு நின்றார். கலியபெருமாள் என்னைவிட இளையவர். என்னை அக்கா என்று கூப்பிட்டவர். “உங்க கருமாதிக்கு வந்து பந்தல்ல மிஷின் வைக்காம விடமாட்டேன்” என்று என்னைக் கேலி செய்துகொண்டிருந்த மனிதர், வரிசையை மாற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

அவரோடு பழகியவர்களுக்கு அந்தக் கேலி புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு சிறிய அரசு மருத்துவமனையில் நாங்கள் இருவரும் நெடுங்காலம் சேர்ந்து வேலை பார்த்தோம். பிரசவமும் பெண்கள் பகுதியும் என் பொறுப்பு. மற்றதெல்லாம் அவருடையது. ஒருநாள் ஒரு டிராக்டர் டிரைவரை நெஞ்சுவலி என்று தூக்கிவந்தார்கள். நடவு நேரம், காலில் சேறுகூடக் காயவில்லை. கட்டிலில் கிடத்தும்போதே உயிர் போய்விட்டது. நாற்பது வயதுகூட நிறையாதவர். எத்தனை காலமாக அவருக்கு அழுத்தம் ஏறியிருந்தது என்று சொல்ல ஆளில்லை, ஏனென்றால் அவர் கையில் யாரும் ஒருநாளும் பிரஷர் மிஷின் வைத்துப் பார்த்ததில்லை.

அந்த டிரைவரின் மனைவிக்கு நான்தான் பிரசவம் பார்த்திருந்தேன். பதினாறாம் நாள் கருமாதிக்கு நானும் கலியபெருமாளும் சேர்ந்து போனோம். பந்தலில் இறந்தவரின் தம்பிகள் இருவரும் சாம்பார் வாளியோடு அலைந்துகொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு இருந்த அதே தடித்த கழுத்து, அதே தொப்பை, நாலு எட்டு வைப்பதற்குள் அதே மேல்மூச்சு. கலியபெருமாள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் காரிலிருந்து மிஷினை எடுத்து வந்துவிட்டார். “சாவு வீட்டுல என்ன காரியம் பண்றீங்க?” என்று காதோரம் கடிந்துகொண்டேன். “ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா வருவாங்களாக்கா? போனவரோட ரத்தம் மொத்தமும் இன்னைக்கு இந்தப் பந்தலுக்குள்ள இருக்கு. இனிமே எப்ப ஒண்ணாச் சேரப்போவுது?” என்றார்.

பெரியப்பா ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். “ஏங்க, துக்க வீட்டுல வந்து மிஷின் வைக்கிறீங்க. அடுத்தது யாருன்னு பாக்குறீங்களா?” கலியபெருமாள் கோபித்துக்கொள்ளவில்லை. “ஆமாங்க. அடுத்தது யாரும் போகக் கூடாதேன்னு பாக்குறேன்” என்றார். பெரியவர் மறுபடி வாய் திறப்பதற்குள், உள்ளே பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த டிரைவரின் மனைவி குரல் கொடுத்தாள். “வைங்க சார். அவருக்குத்தான் யாரும் வைக்கல.” தம்பிகள் இருவருக்குமே அழுத்தம் எக்கச்சக்கமாக இருந்தது. இருவரும் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஒருவர் பேரன் எடுத்துவிட்டார்.

அப்படித் தொடங்கிய வழக்கம்தான். திடீரென்று யாராவது போய்விட்டால் பதினாறாம் நாள் அந்த வீட்டு வாசலில் கலியபெருமாளின் கார் நிற்கும். கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பத்தார் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதும் பிரார்த்தனைக்கு அவர்களாகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் வந்திருப்பார்கள், அவர்களையும் பார்த்துவிடலாமே என்ற கணக்கு. எங்கே போனாலும் அவருக்கு ஒரே பிடிவாதம், பந்திக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். நாற்காலியில் சாய்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். அதன்பிறகுதான் கைப்பட்டையைச் சுற்றுவார். சொத்துப் பாகத்துக்காக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத பங்காளிகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வாய்மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். அழுத்தம் கூடுதலாக இருந்தால் அங்கேயே மாத்திரை எழுதிவிட மாட்டார். துக்கத்திலும் ஏறும், தூக்கமில்லாமலும் ஏறும், அதனால் வேறொரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து மறுபடி பார்த்துக்கொள்ளச் சொல்வார். வராதவர்களைத் தேடிக்கொண்டு போய்விடுவார் என்பதால் அநேகம் பேர் வந்துவிடுவார்கள்.

அவர் விளக்கிச் சொல்வதைக் கேட்க எனக்கே பிடிக்கும். ஒரு நெல் வியாபாரிக்கு எக்கோ எடுத்ததில் இதயத்தின் சுவர் தடித்திருப்பதாக வந்திருந்தது. அவர் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார். “தடிச்சிருக்குன்னா பலமாத்தான சார் இருக்கு?” இவர் சிரிக்காமல் பதில் சொன்னார். “உங்க மண்டியில மூட்டை தூக்குறவருக்குத் தோள் தடிச்சிருக்குல்ல? அவரு சாயந்திரம் எறக்கி வச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவாரு. இது எறக்கியே வைக்கல. ரத்தக் குழாய்ல அழுத்தம் கூடக் கூட, அதை எதுத்துத் தள்ளித் தள்ளித் தடிச்சிருக்கு. தடிச்ச சுவரு சரியா விரியாது. விரியலன்னா ரத்தம் வந்து நெறையாது. அதான் மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது உங்களுக்கு.” குழாய்களும் அப்படியே, விரிந்து கொடுக்கிற தன்மை போய் விறைத்துக்கொள்ளும், உட்சுவர் புண்பட்டு அங்கே கொழுப்பு படியும் என்றார். உடம்பில் ஏறும் ஒவ்வொரு கிலோவுக்கும் இதயம்தான் இரத்தம் அனுப்பியாக வேண்டும். வயிற்றைச் சுற்றிய கொழுப்பு சும்மா கிடக்காமல் குழாய்களைக் கெடுக்கும், சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளச் செய்து அழுத்தத்தை இன்னும் ஏற்றும். இத்தனையையும் சொல்லிவிட்டு, “அதுக்காவ நாளைக்கே பட்டினி கெடக்காதீங்க, ராத்திரிச் சோத்துல பாதியைக் கொறைங்க, அப்பளத்தையும் ஊறுகாயையும் விடுங்க” என்று முடிப்பார்.

எங்கள் ஊர்க்காரர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. மாத்திரை சாப்பிட்டு அழுத்தம் சரியாகிவிட்டதும் நிறுத்திவிடுவார்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ந்ததும் மோட்டாரை நிறுத்துகிற பழக்கம். “அதான் நார்மலாயிடுச்சே சார், அப்புறம் எதுக்கு மாத்திரை?” என்று ஒருவர் வந்து நின்றார். இவர் கேட்டார்: “வயல்ல தண்ணி நிக்குது. எதனால நிக்குது?” “வரப்பு இருக்கு, நிக்குது.” “தண்ணிதான் நிக்குதேன்னு வரப்பை வெட்டி விடுவீங்களா?” அவர் தலையைச் சொறிந்துகொண்டு மருந்து கொடுக்கும் ஜன்னல் பக்கம் போனார். அதன்பிறகு அந்த வரப்புக் கதையை நான் என் கர்ப்பிணிகளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். கலியபெருமாளிடம் அனுமதி கேட்டதில்லை.

இத்தனை பேர் கையில் பட்டை சுற்றியவருக்கு ஒரே ஒரு கை மட்டும் கிடைக்கவில்லை. அது நடராசனுடையது. நடராசன் நல்ல கனத்த உடம்புக்காரர். அந்தக் கைக்குச் சாதாரணப் பட்டை போதாது, சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத அழுத்தத்தையும் இருப்பதாகக் காட்டும். அதற்காகவே கலியபெருமாள் பெரிய அளவுப் பட்டை ஒன்றை வாங்கிப் பையில் வைத்திருந்தார். ஒரு பொங்கலன்று நானும் கலியபெருமாளும் நடராசன் வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பிட உட்காரும் நேரத்தில் அந்தப் பட்டையை எடுத்தார் அண்ணன். தம்பியின் முகம் மாறிவிட்டது.

“உன் வேலையை ஆஸ்பத்திரியில வச்சிக்கண்ணே. அப்பா பண்ணையில வேலை செஞ்சி எலும்பும் தோலுமாச் செத்தாரு. எனக்குத் தொப்பை விழுந்தப்ப அம்மா திருஷ்டி சுத்திப் போட்டுச்சு, நெனவு இருக்கா? நம்ம வம்சத்துலயே நான்தான் மொத மொதல்ல தின்னு கொழுத்திருக்கேன். அது ஒனக்கு நோயாத் தெரியுதா?”

கலியபெருமாள் பட்டையை உறையோடு பைக்குள் வைத்தார். தம்பிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். திரும்பி வரும்போது காரில் சொன்னார்: “அவன் சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்லக்கா. நாங்க பட்ட பசி அது. எங்கம்மா இன்னைக்கு இருந்தா, நான் எளைச்சதைப் பாத்து அழுதிருக்கும். ஆனா குழாய்க்குப் பசியும் தெரியாது, பெருமையும் தெரியாது. அவன் கையை ஒரே ஒரு தடவை பாத்துட்டா எனக்குப் போதும்.” எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேச்சு வாங்கியவர்தான். அன்று மட்டும்தான் அவர் கண் கலங்கி நான் பார்த்தேன்.

இப்போது ஊரில் ஒரு பேச்சு அடிபடுகிறது. பிரஷர் டாக்டருக்கே மாரடைப்பா, அப்புறம் மாத்திரை எதற்கு என்று. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த டிரைவரின் கருமாதி முடிந்த மறுநாள்தான் கலியபெருமாள் தன் கையிலேயே பட்டையைச் சுற்றிப் பார்த்தார். அதுவரை ஊருக்கெல்லாம் பார்த்தவர் தனக்குப் பார்த்துக்கொண்டதில்லை. அழுத்தம் கூடுதலாக இருந்தது; பிறகு எடுத்த சோதனைகளில் இதயச் சுவர் அப்போதே தடித்திருந்தது தெரிந்தது. குழாயிலும் அடைப்பு தொடங்கியிருந்தது. அன்றிலிருந்து மாத்திரையை விடவில்லை, எடையைக் குறைத்தார், ஆற்றுக்கரையில் நடந்தார். மகள் படித்து முடித்ததையும், அவள் திருமணத்தையும், பேத்தி தவழ்ந்ததையும் பார்த்துவிட்டுத்தான் போனார். “மாத்திரை சாவை நிறுத்தாதுக்கா, தவணை வாங்கிக் குடுக்கும்” என்பார். அவர் வாங்கிய தவணையில் எத்தனை குடும்பங்கள் பிழைத்தன என்பதை, இப்படிக் கேட்பவர்கள் தங்கள் வீட்டிலேயே விசாரித்துக்கொள்ளலாம்.

பதினாறாம் நாள் போயிருந்தேன். மகள் மட்டுமே என்பதால் தம்பிதான் கொள்ளி வைத்திருந்தார். ஆற்றங்கரைக் காரியம் முடிந்து, தாய்மாமன் வீட்டார் புதுத் துண்டால் நடராசனுக்கு உருமா கட்டினார்கள். மொட்டைத் தலையில் அந்தத் தலைப்பாகையோடு அவர் நின்றபோது அண்ணனின் சாயல் அப்படியே இருந்தது. பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கலியபெருமாளின் மனைவி வசந்தா உள்ளேயிருந்து அவருடைய பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். எதற்கென்று எனக்கும் புரிந்தது, பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. ஆனாலும் மிஷினை வெளியே எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த மனிதருக்கு இருந்த துணிச்சலில் பாதிகூட எனக்குக் கிடையாது.

நடராசன் தானாகவே வந்தார். எனக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, சாய்ந்து உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றினார். வெறும் கையை மேசைமேல் நீட்டி வைத்தார். “அஞ்சு நிமிஷம் பேசக் கூடாதில்லீங்களா?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டே இருந்தது. இலைக்கு முன்னால் ஒருவரும் உட்காரவில்லை. பெரிய பட்டை கடை உறையிலேயே இருந்தது. பிரித்து, அந்தக் கையில் சுற்றினேன். கச்சிதமாகப் பொருந்தியது.

அழுத்தம் கூடுதல்தான். மறுவாரம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். வந்தார், மறுபடியும் கூடுதலாகவே இருந்தது, மாத்திரை தொடங்கிவிட்டோம். அன்று பந்தலில் பட்டையைக் கழற்றும்போது அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “அண்ணன் இதை எத்தினி பேருக்குக் கட்டியிருக்கும், டாக்டரம்மா?”

“யாருக்கும் கட்டல தம்பி. ஒனக்குன்னு வாங்கினது.”

பையை நான் வைத்துக்கொண்டேன். இனி இந்தப் பக்கம் பதினாறாம் நாள் வீடுகளுக்கு அதை எடுத்துக்கொண்டு நான் போவேன், திட்டினால் வாங்கிக்கொள்வேன். பெரிய பட்டை மட்டும் அதில் இல்லை. அதை நடராசனிடமே கொடுத்துவிட்டேன்.