அக்கா போடாத கையெழுத்து

"வீடு போயிடுச்சு மேடம்" என்றார் கடன் கம்பெனிக்காரர், டாக்டர் கையை விரிப்பதுபோல.

அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அக்காவின் சமையலறைக் கூரையில், அடுப்புக்குப் பக்கத்தில், பழுப்பாக ஒரு ஈரத் திட்டு. அதன் ஓரத்தில் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உரிந்து தொங்கியது.

"எங்கே போயிடுச்சு? காலையில நான் வேலைக்குக் கிளம்புறப்போ இங்கேதானே இருந்தது?" என்றாள் அக்கா.

சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. டையைச் சரிசெய்துகொண்டார். என் வீட்டுக்காரர்தான் பல்லைக் கடித்தார்.

அக்கா என்று நான் சொல்வது என் ஓரகத்தியை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. கீழ்வீடு அவளுடையது. மாடியில் முன்பக்கம் இரண்டு அறையும் ஒரு குளியலறையும் எங்களுடையது. குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் மொட்டை மாடி. அதற்கு நேர் கீழேதான் அக்காவின் சமையலறை. வீடு அண்ணன் தம்பி இரண்டு பேர் பேரிலும் இருந்தது. அண்ணன் போன பிறகு அவர் பங்கு அக்காவுக்கு வந்தது. அவள் கையெழுத்து இல்லாமல் இந்த வீட்டின் ஒரு செங்கல்லைக்கூட யாரும் அடகு வைக்க முடியாது. பிரச்சினை அதுதான்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு திட்டம் இருந்தது. வீட்டை அடமானம் வைத்துப் பெரிய கடனாக வாங்குவது. இதை இடித்துவிட்டு மூன்று மாடி கட்டுவது. வாடகை வரும், வாடகையே தவணையைக் கட்டிவிடும். இதை அவர் சொல்லும்போது முகம் அவ்வளவு அழகாக இருக்கும். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கனவு மட்டும் கொஞ்சம் கனமானது.

"வாடகைக்கு ஆள் வரலைன்னா?" என்று அக்கா கேட்டாள்.

"வருவாங்க மேடம். இந்த ஏரியாவுல நல்ல டிமாண்ட்."

"சரி. வரலைன்னா?"

"அதெல்லாம் வருவாங்க."

"நான் வருவாங்களான்னு கேக்கல சார். வரலைன்னா என்னன்னு கேக்கறேன்."

கடன் கம்பெனிக்காரர் மறுபடியும் கூரையைப் பார்த்தார். அவருக்குக் கிடைத்த ஒரே பதில் அந்த ஈரத் திட்டுதான். "எப்படியும் இது இன்னும் ரொம்ப நாள் தாங்காது மேடம். இடிஞ்சு விழுந்தா ஒண்ணுமே இருக்காது. இப்பவே கட்டிட்டா சொத்து."

என் வீட்டுக்காரர் கெஞ்சினார். "ஒரே ஒரு கையெழுத்து அண்ணி. உங்களுக்கு நான் கெட்டது நினைப்பேனா?"

"நினைக்க மாட்டே தம்பி. நீ நினைக்கறதே இல்ல, அதான் எனக்குப் பயம்."

அக்கா கடனுக்கு எதிரி இல்லை. ஊரில் பலர் அப்படித்தான் நினைத்தார்கள், தவறு. அவள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அங்கே தொழிலாளர் சங்கத்தில் குறைந்த வட்டிக்குச் சின்னக் கடன் தருவார்கள். ஃபிரிட்ஜ் அப்படி வாங்கியதுதான். அதன் கதவு ரப்பரைத் தானே மாற்றி, பின்பக்கத் தூசியைத் தட்டி, இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். கடன் எப்போதோ முடிந்துவிட்டது. அவளுக்கு ஒரு கணக்கு உண்டு: வாங்கின பொருள் சாவதற்கு முன்னால் கடன் செத்துவிட வேண்டும்.

இது புத்தகத்தில் படித்த கணக்கு இல்லை. அவள் புருஷன் தவணையில் ஒரு மோட்டார் பைக் வாங்கினார். ஒரு நாள்கூட அதற்கு எண்ணெய் மாற்றியதில்லை. அவரும் போனார், பைக்கும் பழைய இரும்புக் கடைக்குப் போனது. அதற்கப்புறமும் தவணை கேட்டு ஆள் வந்துகொண்டிருந்தான். வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினான். நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். அக்கா தலை குனியவில்லை. "சத்தம் போடாதே, தர்றேன். சத்தம் போட்டா மெதுவாத் தருவேன்" என்றாள். முழுவதும் கட்டி முடித்தாள். முடித்த அன்று போய் ஒரு திருப்புளி, அதான் ஸ்க்ரூ டிரைவர், வாங்கி வந்தாள்.

அதிலிருந்து அந்தத் திருப்புளி அவள் கைப்பையில், சீப்புக்கும் பஸ் பாஸுக்கும் நடுவில் இருக்கும். தெருவில் அவளுக்குப் பேரே திருப்புளி அக்கா. லீவு நாளில் டார்ச் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுவாள். குழாய்க்கு வாஷர், கீலுக்கு எண்ணெய், சுவர் விரிசலுக்கு ஒரு கரண்டி சிமெண்ட். எங்கள் மாடிக் கதவையும் விட மாட்டாள்.

"கதவு கத்தினா என்ன அண்ணி? பாடிட்டுப் போகட்டுமே" என்பார் என் வீட்டுக்காரர்.

"நீ பாடுறதையே தாங்க முடியல."

அப்படிப்பட்டவளால் சமையலறைக் கூரையை மட்டும் ஜெயிக்க முடியவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒழுகும். ஒவ்வொரு முறையும் மொட்டை மாடியில் எங்காவது ஒரு விரிசலைக் கண்டுபிடித்து அடைப்பாள். அடுத்த மழையில் மறுபடியும் ஒழுகும். கடன் கம்பெனிக்காரர் சரியாக அந்த இடத்தில் விரல் வைத்ததுதான் அவளுக்கு ஆத்திரம்.

"இந்த மழைக்கு ஒரு சொட்டு உள்ளே விழட்டும்" என்றாள். "விழுந்தா கையெழுத்துப் போடறேன்."

என் வீட்டுக்காரர் துள்ளிக் குதிக்காத குறை. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதிலிருந்து நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சம். ஆனால் கண் சும்மா இருக்காது. கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். தவணை ஒன்று தவறினால் கீழ்வீடும் போகும், மாடியும் போகும்.

அக்கா சங்கத்தில் ஒரு சின்னக் கடன் எழுதினாள். இந்த முறை ஓட்டை தேடவில்லை, மொட்டை மாடி முழுவதையும் எடுத்துக்கொண்டாள். கம்பி பிரஷ் வைத்துப் பாசியைச் சுரண்டினாள். தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் அடைந்திருந்த சருகை அள்ளினாள். விரிசல்களை அடைத்து, வெள்ளையாக ஒரு பூச்சை ஒரு தடவை நெடுக்கே, காய்ந்ததும் ஒரு தடவை குறுக்கே பூசினாள். நானும் ஒரு பிரஷ் பிடித்தேன். என் வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"செத்த மாட்டுக்குச் சாயம் அடிக்கற மாதிரி இருக்கு."

"கொம்பு இன்னும் இருக்கு தம்பி. கிட்ட வராதே."

முதல் பெருமழை வந்தது. பேய் மழை. கரண்டு போனது, தெருவில் தண்ணீர் முழங்கால் வரை. அக்கா அடுப்புப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தை வைத்துவிட்டுப் படுத்தாள். விடிந்து நான் கீழே போனபோது கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். காய்ந்து கிடந்தது. அவள் வேலைக்குப் போன நடையைப் பார்க்க வேண்டுமே, பட்டாளத்து ஆள்போலப் போனாள்.

மழை விட்டுவிட்டது. ஆனால் வெயில் இல்லை, மொட்டை மாடி முழுக்க ஈரம். சேர்ந்துபோன துணி மலையை நான் குளியலறைக்குள்ளேயே துவைத்துப் போட்டேன். மத்தியானம் என் வீட்டுக்காரர் தீப்பெட்டி எடுக்கக் கீழே அக்கா சமையலறைக்குப் போனவர் அங்கிருந்தே கத்தினார். கத்தலில் அவ்வளவு சந்தோஷம். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். கிண்ணத்தில் தண்ணீர். நான் பார்க்கும்போதே இன்னொரு சொட்டு விழுந்தது.

சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்தபோது கடன் கம்பெனிக்காரர் காகிதங்களோடு காத்திருந்தார். மேசையில் மூடி திறந்த பேனா இருந்தது. அக்கா கைப்பையைக்கூடக் கழற்றவில்லை. கிண்ணத்தைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். அவள் முகம் வாடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"பேச்சு பேச்சுதானே அண்ணி?" என்றார் என் வீட்டுக்காரர்.

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். பேனா மூடியைத் தேடி எடுத்து, அதை மூடி, கடன் கம்பெனிக்காரர் பக்கம் தள்ளினாள்.

"போட மாட்டேன்."

"சொன்னீங்களே!"

"சொன்னேன். தப்பாச் சொன்னேன். சொன்னது என் வாய். தண்டனை வாய்க்குக் கொடு, ஒரு மாசம் பேசாம இருக்கேன். வீட்டுக்கு எதுக்குத் தண்டனை?"

"நீங்க ஒரு மாசம் பேசாம இருக்கறதா?" என் வீட்டுக்காரருக்கு ஆத்திரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டார். "நாளைக்கே இடிஞ்சு விழுந்தா?"

"விழட்டும். விழுந்தாலும் என் வீடாத்தான் விழும். அடுத்தவன் வீடா நிக்க வேண்டாம்."

கடன் கம்பெனிக்காரர் மெதுவாக, "சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கில்ல மேடம்" என்று ஆரம்பித்தார். அக்காவுக்கே அது உறைத்திருந்தது. கூரையைத்தான் வெறித்துக்கொண்டிருந்தாள், அது துரோகம் செய்துவிட்டதுபோல.

எனக்கு மத்தியானத்திலிருந்தே ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா" என்றேன். "பேய் மழை பெய்ஞ்சப்போ விழல. மழை விட்ட அப்புறம்தான் விழுந்தது."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலி பேசியதுபோல.

"ஊறி மெதுவா இறங்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"இல்லைங்க. வெயில் காலத்துல நான் மொட்டை மாடியில கல்லுல துவைப்பேன். மழைன்னா உள்ளே, குளியலறையில. இன்னிக்கும் உள்ளேதான் துவைச்சேன், வாளி வாளியாத் தண்ணி." அதற்கு மேல் சொல்லத் தேவை இருக்கவில்லை.

அக்கா எழுந்துவிட்டாள். அலமாரியில் தேடி ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம். சலவைக்காரி வீட்டில் அது இல்லாமல் இருக்குமா? இரண்டிரண்டு படியாக மாடி ஏறினாள். நானும் பின்னால் ஓடினேன். எங்கள் குளியலறையில் தண்ணீர் போகிற துளையின் மூடியைத் திருப்புளியால் நெம்பி எடுத்தாள். ஒரு வாளி தண்ணீரில் பாட்டிலைக் கவிழ்த்து, மெதுவாக அந்தத் துளையில் ஊற்றினாள். அப்புறம் இன்னொரு வாளி. சொட்டு நீலம் அவள் கையெல்லாம்.

கீழே வந்து நாலு பேரும் கிண்ணத்தைச் சுற்றி நின்றோம். நான் டீ போட்டேன். கடன் கம்பெனிக்காரரும் ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டார். சொட்டு விழுந்தது; வெறும் தண்ணீர். இன்னொன்று, வெறும் தண்ணீர். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அப்போது கூரைத் திட்டின் நடுவில் ஒரு நிறம் தெரிந்தது. திரண்டது, தொங்கியது, விழுந்தது. வெள்ளைக் கிண்ணத்தில் நீலம்.

"இத்தனை வருஷமா வானத்தைத் திட்டினேனே!" என்றாள் அக்கா. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "ஒழுகினது உன் குளியலறை தம்பி. உன் அழுக்குத் துணி அலசின தண்ணி என் அடுப்புல விழுந்திருக்கு. நான் அதுல சமைச்சு உனக்கே ஊட்டியிருக்கேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவர் விடவில்லை. "எப்படியோ, ஒழுகுது இல்ல? வீடு பழசுதானே?"

"சட்டையில பட்டன் விழுந்தா சட்டையைக் கொளுத்துவியா?"

கடன் கம்பெனிக்காரர் காகிதங்களை உறையில் போட்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் தாழ்ந்த குரலில், "ஒரு வாளிக்கு எவ்வளவு நீலம் ஊத்தினாங்க? எங்க வீட்டுலயும் ஹால்ல இப்படித்தான் ஒரு திட்டு" என்றார். முழு பாட்டில் என்று சொன்னேன்.

குழாய்க்காரர் வந்து தரையைக் கொத்தினார். உள்ளே குழாய் இணைப்பு விட்டுப்போய், தண்ணீர் சுவருக்கு அடியில் ஊர்ந்து சமையலறைக்கு மேலே இறங்கியிருந்தது. செலவில் பாதியை அக்கா தன் சங்கக் கடனில் மிச்சம் வைத்திருந்ததிலிருந்து கொடுத்தாள். மறுபாதி என் வீட்டுக்காரர் தலையில். அவர் சும்மா இருப்பாரா? குளியலறை முழுவதையும் இடித்துப் புது டைல்ஸ் போடலாம், வட்டியில்லாத் தவணை என்று கடையில் எழுதிப் போட்டிருக்கிறான் என்றார்.

"வட்டி இல்ல, தவணை இருக்கில்ல?" என்றாள் அக்கா. "உடைச்சது நாலு டைல்ஸ். நாலே வாங்கு."

அதே நிறம் கிடைக்கவில்லை. கடையில் மிச்சத்தில் கிடந்த பச்சை டைல்ஸ் நாலு கிடைத்தது. வெளிர் ரோஸ் தரைக்கு நடுவில் அந்த நாலு பச்சை, பொருத்தமே இல்லாமல். ஒவ்வொரு தடவை குளித்துவிட்டு வரும்போதும் என் வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டபடி படியில் நின்று கீழே பார்த்துக் கத்துகிறார்.

"கண்ணை உறுத்துது அண்ணி!"

அடுப்படியிலிருந்து பதில் வருகிறது.

"கண்ணை மூடிக்கிட்டுக் குளி!"