காற்றில் தொங்கிய நிரந்தர முகவரி

ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடுவதும் ஓர் உத்தியோகம்தான். மூன்று ஷிப்டும் உண்டு, சம்பளம் மட்டும் கிடையாது. அந்த உத்தியோகம் பார்த்துக் கை ஓய்ந்த சகோதரிகளுக்கு நான் சொல்லப்போவதில் பாதி புதிதாக இருக்காது. மீதிப் பாதிக்கு நான் பொறுப்பில்லை.

நான் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, தாவரவியலில் எம்.எஸ்சி. வரை வந்து, நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவருக்கு வாழ்க்கைப்பட்டவள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண். பழுப்பு நிலக்கரிக்குள் புதைந்து கிடக்கிற மரங்களைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய வேண்டும் என்று ஆசை. உதவித்தொகை கிடைத்தால்தான் இடம் என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். வயது வரம்போ எனக்கு அந்தத் தடவையோடு தாண்டிவிடும். ஆக, ஒரே ஒரு விண்ணப்பம். கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் பாத்திரம்.

நடுத்தெரு, கிழக்கு பார்த்த வீடு

டவுன்ஷிப்பில் யாரும் குவார்ட்டர்ஸை நிரந்தர முகவரி என்று எழுத மாட்டார்கள். ரிட்டையர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற வீடு அது. அதனால் பாரத்தில் அந்தக் கட்டம் வந்தால் கை தானாகச் சொந்த ஊரை எழுதிவிடும். நானும் எழுதினேன்: அப்பா பெயர், நடுத்தெரு, கம்மாபுரம் பக்கத்து எங்கள் ஊர். மை காய்ந்த பிறகுதான் உறைத்தது. அந்த ஊரைச் சுரங்கத்துக்கு எடுத்து, ஜனங்களை வேறு இடத்தில் குடிவைத்து, மண்ணை அள்ளி வருடக்கணக்காகிவிட்டது. அடித்தல் திருத்தல் கூடாது என்று பாரத்தின் தலையிலேயே அச்சடித்திருந்தது. வேறு பாரம் வாங்க நாளும் இல்லை.

பக்கத்து வீட்டுக் கோமதி அக்கா திருநெல்வேலிக்காரி. எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள். பாரத்தை வாங்கிப் படித்தாள், சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

“ஏட்டி, நீ எழுதியிருக்க எடத்துல இப்போ வெறும் காத்துல்லா குடியிருக்கு?”

மணியக்காரர் நேரில் பார்த்தது

எழுதின முகவரிக்கு இருப்பிடச் சான்று வேண்டுமாம். ஊர் போனாலும் ஊர் மணியக்காரர் புதுக் குடியிருப்பில் இருந்தார், அவருடைய ரப்பர் ஸ்டாம்பும் பத்திரமாக இருந்தது. சட்டென்று அடித்துக் கொடுப்பார் என்று போனால், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது கிடையாதாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

சுரங்கத்து விளிம்பு வேலியில் போய் நின்றோம். நல்ல உச்சி வெயில். அடியில், எறும்பு மாதிரி, பெரிய எந்திரம் சக்கரம் சுற்றி மண் அள்ளிக்கொண்டிருந்தது. சத்தம்கூட மேலே வரவில்லை. அவர் விரலை நீட்டி, எதிரே இருந்த வெறும் காற்றில் வீடு வீடாக எண்ணிக்கொண்டு வந்தார். முக்கு திரும்புகிற இடத்தில் விரலும் திரும்பியது. விரல் ஓரிடத்தில் நின்றதும் என் பெண் அந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டி டாட்டா காட்டினாள். நான் அவள் கையைப் பிடித்து இறக்கினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. ஸ்டாம்பை ஊதினார், முழங்காலில் காகிதத்தை வைத்துக் குத்தினார்.

“தோ, பருந்து சுத்திக்கினு இருக்குது பாரு, அதுக்கு ரெண்டு ஆள் ஒசரம் கீழ. அதாம்மா உங்க வூட்டு வாசப்படி. ஆள் இருக்குதுன்னே எழுதிட்டேன்.”

குளிக்கிற பேசினில் ஓர் இலை

விண்ணப்பத்தோடு, ஆராயப்போகிற பொருளைப் படம் வரைந்து அனுப்ப வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் இன்ஜினீயரிடம் அனுமதிச் சீட்டு வாங்கி, இரண்டு நிலக்கரிக் கட்டிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். முதல் கட்டியைச் சமையலறையில் கத்தியால் பிளந்தேன். உள்ளே ஓர் இலை. பழுத்து, காலையில்தான் உதிர்ந்த மாதிரி, நரம்பு நரம்பாக. பென்சிலை எடுத்துத் திரும்புவதற்குள் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. பால் பொங்குகிற நேரம்கூட ஆகவில்லை, சுருண்டு உதிர்ந்துவிட்டது.

படிப்பு கை கொடுக்காத நேரத்தில் குடித்தனப் புத்தி கை கொடுக்கும். அரிந்த வாழைக்காயைக் கறுக்காமலிருக்கத் தண்ணீரில்தானே போடுகிறோம்? இரண்டாவது கட்டியைப் பிள்ளை குளிக்கிற பேசினில் தண்ணீருக்குள் வைத்தே பிளந்தேன். நிறம் மாறாமல் கிடந்தது. நிதானமாக வரைந்து முடித்து, ஆசைக்கு ஒரு தரம் கையில் எடுத்தேன். உள்ளங்கையிலேயே கறுத்தது. ஷிப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர் வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், உள்ளே வரவில்லை.

“இம்மாங் காலம் உசுரோடதான் இருந்திருக்குது புள்ள. நீ மூஞ்சியக் காட்டின, செத்துப்போச்சு.”

கதவு பூட்டியிருந்தது

பேட்டிக்கு அழைப்பு வரும் வரும் என்று காத்திருந்தேன். வயதைப் பேட்டி நாளில்தான் கணக்குப் பார்ப்பார்கள். அதைத் தவறவிட்டால் எல்லாம் முடிந்தது. கடைசியில் பேட்டிக்கு முதல் நாள் காலை ஒரு புதுத் தபால்காரர் சைக்கிளில் வந்து உறையை நீட்டினார். யாரோ புண்ணியவான் அதை என் நிரந்தர முகவரிக்கு அனுப்பியிருந்தார்! உறையின் பின்பக்கம் மூன்று நாள் தேதி போட்டு மூன்று தரம் எழுதியிருந்தது: ‘கதவு பூட்டியிருந்தது.’ அதன் கீழே, பென்சிலில், எங்கள் பிளாக், எங்கள் குவார்ட்டர்ஸ் நம்பர்.

“எந்தக் கதவுங்க?” என்றேன். நடுத்தெருவில் கிழக்கு பார்த்த வீடு என்றார். மனுஷன் வெளியூர், வேலைக்குப் புதுசு. வழி தவறி வேறு ஏதோ ஊருக்குப் போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். சரி, இந்த நம்பரை யார் சொன்னது என்று கேட்டேன். சைக்கிளைத் திருப்பிக்கொண்டே சொன்னார்.

“வெளியில பூட்டுதாம்மா தொங்குச்சு. உள்ள அம்மி அரைச்சுக்கினு இருந்த அம்மாதான் சொன்னாங்க.”

வயதுக் கணக்கு

மறுநாள் விடியலில் கோமதி அக்காவிடம் பிள்ளையை விட்டுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பேட்டியில் மூன்று பேர். இரண்டு பேர் கேள்வி கேட்டார்கள். மூன்றாமவர் என் இலைப் படத்தின் மேல் விரலை ஓட்டினார்; பிறகு விரலைப் பார்த்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து வெகுநேரம் துடைத்துக்கொண்டார். பென்சில் படம், ஒட்டத்தானே செய்யும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். கடைசிப் பெயர் என்னுடையது. காலேஜ் சுவர் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். சர்டிபிகேட்டுகளைத் திருப்பி வாங்கப் போனபோது கிளார்க் என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பிரித்து, பிறந்த தேதியில் விரலை வைத்து, காலண்டரைப் பார்த்தார். வரம்பு தாண்ட எனக்கு இன்னும் இரண்டே நாள் இருந்தது. பெரிய நோட்டில் என் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

“பொழைச்சீங்கம்மா. நாளன்னைக்கு வந்திருந்தா இந்த நோட்டுல நீங்க உசுரோட இருக்கிற ஆளே இல்ல.”

யுகக்கணக்கில் மண்ணுக்கடியில் கிடக்கிற மரத்துக்கு வயது வரம்பு ஒன்றும் கிடையாது, அதைத் தேடிப் போகிறவளுக்குத்தான் இரண்டு நாளாவது பாக்கி இருக்க வேண்டியிருக்கிறது.