வெறும் தாளில் வாங்கிய கையெழுத்துகள்

பிரியமானவர்களே, கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். ஆனால் நான் கேட்டதை அவர் கொடுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இது சாட்சி.

2003, மழைக்காலம். புனேயில் கழிவுநீர் ஓடையை நாலா என்போம். அப்படி ஒரு நாலா ஓரத்தில், தகரக் கூரை வீடுகள் நெருக்கியடித்து நின்ற ஒரு வஸ்தியில் ஒரு நாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். எல்லோரும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும், வஸ்தியின் இளைஞர்கள் இதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றும் அதில் இருந்தது. ஆட்சேபம் இருந்தால் அடுத்த திங்கட்கிழமை வார்டு ஆபீஸில் சொல்லலாம்.

அந்தக் கையெழுத்துகளை வாங்கியவள் நான்.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்கும் வேலைக்கு இங்கே வந்தவர். அம்மா, கேம்ப் என்று சொல்லும் கன்டோன்மென்ட் பகுதியில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். இருவரும் கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். சமூகப்பணியில் முதுகலை முடித்து, ஒரு தொண்டு நிறுவனத்தில் இளைஞர் தலைமைப் பயிற்சிக்கு ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தேன். என் பெயர் அச்சடித்த முதல் விசிட்டிங் கார்டை அம்மா இயேசு படத்தின் சட்டத்தில் செருகி வைத்தாள். ஜெபிக்கும்போது அந்தக் கார்டும் என் கண்ணில் படும். உண்மையைச் சொன்னால், பல நாள் அதைப் பார்த்துத்தான் ஜெபித்தேன்.

சனிக்கிழமைதோறும் வஸ்தியில் கூட்டம் நடத்துவேன். வார்டு ஆபீஸ் எப்படி நடக்கிறது, நகரசேவகரிடம், அதாவது வார்டு கவுன்சிலரிடம், என்ன கேட்கலாம், மனு எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுப்பேன். முப்பது பேர் போல வருவார்கள். அவர்களுக்குத் தலைவி சுனிதா, பத்தொன்பது வயது. பயமே கிடையாது. என்னை 'தாயி' என்பாள், மராத்தியில் அக்கா. வருகைத் தாளில் முதல் கையெழுத்து எப்போதும் அவளுடையது.

அந்தத் தாளில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் நிறுவனத்துக்கு நிதி கொடுப்பவர்கள் இரண்டு பேர். ஒரே கூட்டத்தை எங்கள் ஆபீஸில் ஒருவருக்கு ஒரு பெயரிலும் மற்றவருக்கு வேறு பெயரிலும் காட்டுவார்கள். அதனால் தாளின் மேல்பகுதியை வெறுமையாக விடச் சொல்லுவார்கள். தலைப்பை ஆபீஸில் பிறகு எழுதிக்கொள்வார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் வாங்கினேன். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நினைத்தேன். கார்பன் வைத்துத்தான் கையெழுத்து வாங்குவேன். மேல்தாள் ஆபீஸுக்குப் போகும். கார்பன் பிரதியில் தேதியும், அன்று பேசிய விஷயமும், யாருக்கெல்லாம் வடாபாவ் கொடுத்தேன் என்ற டிக்கும் என் கையால் எழுதிக்கொள்வேன். சில பையன்கள் இரண்டு வாங்கிவிட்டு ஒன்றுதான் வாங்கினேன் என்பார்கள். அதற்காகத்தான் அந்த டிக்.

அந்த நாலா ஓர நிலம் எங்கள் நிறுவனத்துக்கு நிதி கொடுத்தவர்களில் ஒருவருக்குத் தேவைப்பட்டது. இந்த முறை காலி இடத்தில் எழுதிய தலைப்பு 'சம்மதக் கடிதம்'.

இயக்குநர் மேடத்திடம் ஓடினேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "எதுக்கு இவ்வளவு டென்ஷன்? அவங்களுக்கு ஃப்ளாட் கிடைக்கும். இந்தச் சேத்துலயே கிடக்கணுமா?" என்றார்.

"அவங்க சம்மதிக்கலையே மேடம்."

"கையெழுத்து வாங்கினது யாரு? நானா?" என்று சிரித்தார். "விசாரணைக்கு வராதே. வந்தா உன் பேருதான் கெடும். படிச்ச பொண்ணு, யோசி."

அன்று மாலை சுனிதா எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. கன்னம் வீங்கியிருந்தது. அப்பா அடித்தாராம். வஸ்தியில் அவள் தலைகாட்ட முடியவில்லை. குழாயடியில் பெண்கள் அவளுக்கு வழி விடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றாள்.

"இது தெரியாது சுனிதா. சத்தியமா தெரியாது."

"அப்ப ஏன் மேல எதுவும் எழுதாம கையெழுத்து வாங்கினீங்க? நான் ஒரு தடவை கேட்டேன். 'நீ போடு, நான் இருக்கேன்ல'ன்னு சொன்னீங்க."

சொல்லியிருந்தேன். 

"திங்கட்கிழமை வந்து சொல்லுங்க, மேடம்." போய்விட்டாள். மேடம் என்றாள். அடி என் கன்னத்தில் விழுந்தது போல இருந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏட்டி, வெறுந்தாள்லயா கையெழுத்து வாங்குன? ரேஷன் கடைக்காரன் கேட்டாக்கூட வாசிச்சுக் காட்டாம நான் பெருவிரல வைக்க மாட்டேனே. நீ எம்.ஏ. படிச்சவளாக்கும்!"

வியாழக்கிழமை முதல் மூன்று நாள் உபவாசம் இருந்தேன். என்ன ஜெபித்தேன் தெரியுமா? ஆண்டவரே, என் பெயர் வெளியே வரக்கூடாது. இந்த விசாரணை எப்படியாவது தள்ளிப்போகட்டும். நான் இல்லாமலே அந்த வீடுகள் பிழைக்கட்டும். மூன்று நாளும் இதைத்தான் கேட்டேன். பரலோகம் வாய் திறக்கவில்லை. சபையில் பெண்கள் கூட்டத்தில் ஜெபிக்கும்படி கேட்டேன். ஓர் அம்மா, "அந்த நாலா ஓரத்துல உனக்கென்ன வேலை? வயசுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிட்டு இருக்கலாம்ல" என்றார்கள். இதை வாசித்தால் அவர்கள் வருத்தப்படட்டும். நானும் அன்று வருத்தப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எனக்குப் பாட வரவில்லை. சுனிதாவின் கன்னம்தான் கண்முன் நின்றது. வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றேன். சட்டத்திலிருந்து கார்டை உருவி எடுத்துக் கிழித்தேன். "ஆண்டவரே, என் பெயர் போகட்டும். அந்த வீடுகள் நிற்கட்டும். ஆனா நான் வெறும் வாயால சொன்னா யாரு நம்புவா?" அவ்வளவுதான் ஜெபம். ஆமென் கூடச் சொல்லவில்லை.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "கார்டக் கிழிச்சிட்டியே. மத்ததையாவது கிழிக்காத," என்றாள்.

"மத்தது எது?"

கட்டிலடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்தாள். மாதாமாதம் என் பழைய தாள்களைக் கட்டி, எடைக்குப் போடும்படி அவளிடம் கொடுப்பேன். போட்டுவிட்டாள் என்றே நினைத்திருந்தேன். ஒன்றைக்கூடப் போடவில்லை. என் முதல் வகுப்புக் கணக்கு நோட்டுகூட அதில் இருந்தது. அதன் மேல், பிரிக்காத கட்டாக, அந்தக் கார்பன் பிரதிகள்.

"ஏம்மா போடல?"

"நீ எழுதுனதுல்லா? எடைக்குப் போட மனசு வருமா?"

அந்தக் கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்ன எழுதியிருக்கிறது என்றே வாசிக்கத் தெரியாதவள் காத்து வைத்திருந்தாள். வாசிக்கத் தெரிந்த நான் எறியச் சொன்னேன். கர்த்தர் பதில் கொடுத்துவிட்டார் என்று அப்போதே தெரிந்தது. அந்தப் பதிலில் எனக்குத் தப்பிக்க வழி இல்லை என்பதும் தெரிந்தது. கார்பன் பிரதியைக் காட்ட வேண்டுமானால், வெறும் தாளில் கையெழுத்து வாங்கினேன் என்று நானே சொல்லியாக வேண்டும்.

திங்கட்கிழமை சொன்னேன். அதிகாரி மேல்தாளையும் கார்பனையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. என் பிரதியில் அன்றைய விஷயம் இருந்தது: 'தண்ணீர்க் குழாய்க்கு மனு எழுதுவது எப்படி.'

"இந்த டிக் என்ன?" என்றார்.

"வடாபாவ், சார். யார் யார் சாப்பிட்டாங்கன்னு."

"அடேங்கப்பா, ஒரு வடாபாவுக்கு வீட்டையே விட்டுட்டாங்களா?" அறை முழுவதும் சிரித்தது. வஸ்தி ஆட்கள்கூடச் சிரித்தார்கள். சுனிதா சிரிக்கவில்லை.

"தலைப்பில்லாம வாங்கினது யாரு?"

"நான்தான் சார்."

"படிச்சவங்கதானே?"

"ஆமா சார்."

வாக்குமூலம் எழுதினார்கள். ஒவ்வொரு வரியாக வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். நோட்டீஸ் ரத்தானது. ஒரு வீடும் இடியவில்லை. ஸ்தோத்திரம்.

அன்று மத்தியானமே என் வேலை போனது. மேடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. குமாஸ்தாவின் தவறு என்று ஒரு கடிதம் கொடுத்தார், அவ்வளவுதான். அந்த வருட அறிக்கையில் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தின் படம் வந்தது. ஓரத்தில் நின்ற என்னை வெட்டியிருந்தார்கள். என் கை மட்டும் மிச்சம், தாளை நீட்டியபடி. கசப்பு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சாட்சியில் பொய் சொல்லக் கூடாது.

இப்போது கேம்ப்பில் ஒரு சின்ன அலுவலகத்தில் டைப் அடிக்கிறேன். சனிக்கிழமைகளில் வார்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். முழுவதும் வாசித்துக் காட்டாமல் யார் கையையும் தாளில் வைக்க விடுவதில்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை சுனிதா வந்தாள். கூட வஸ்திப் பெண்கள். குழாய்க்கு அவளே எழுதிய மனு. என்னைப் பார்த்தாள், தலையை மட்டும் அசைத்தாள். 'தாயி' இல்லை. பெண்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். கடைசிக் கையெழுத்துக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. சுனிதா பேனாவை வாங்கி, அதன் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தாள். இனி அங்கே யாரும் எதுவும் எழுத முடியாது. பிறகு உள்ளே போனாள்.

அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னால் கற்றுக்கொண்டாள்.

பிரியமானவர்களே, ஜெபியுங்கள். அவர் கேட்கிறார், எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் பெயரைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜெபிக்காதீர்கள். நான் மூன்று நாள் அப்படிச் செய்தேன். கையைத் திறந்த பிறகுதான் பதில் வந்தது. அவர் என்னை அவமானப்படுத்தி அந்த வீடுகளைக் காப்பாற்றினார். அதற்காக நன்றி சொல்கிறேன். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன். ஆனாலும் சொல்கிறேன்.