டீச்சர் பிளவுஸின் மிச்சத் துண்டு

துணிக் கழிவை வீணாக்காதீர்கள், மறுபடி பயன்படுத்துங்கள் என்று யாராவது மேடையேறிப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாறசாலைப் பக்கம் எங்கள் ஊர் முக்கில் தையல் கடை வைத்திருந்த என் அம்மை அதைத்தான் செய்தாள். அதற்கு ஊர் கொடுத்த மரியாதையைக் கண்ணால் பார்த்தவள் நான்.

நான் நாலாம் வகுப்பில் படித்தபோது, கழிவுத் துணியில் தைத்த உடைக்குப் பள்ளிக்கூடத்தில் போட்டி வைத்தார்கள். பிளவுஸும் சுடிதாரும் வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து அம்மை எனக்கு ஒரு பாவாடை தைத்தாள். ஒட்டுப் போட்ட இடமே தெரியவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

"இது கடையில வாங்கின புதுத்துணியாக்கும். கள்ளம் சொல்லப்பிடாது," என்றார் நடுவராக இருந்த டீச்சர், எல்லார் முன்னாலும்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பாவாடையின் நீலத் துண்டைத் தூக்கிக் காட்டி, "இது உங்களுக்க பிளவுஸ் வெட்டின மிச்சமாக்கும் டீச்சர்!" என்று கத்தினேன்.

டீச்சரின் முகம் மாறியது. "ஓஹோ, மிச்சம் உண்டுன்னு உனக்க அம்மை எனக்கிட்ட சொல்லல்லியே?"

பின்னால் நின்ற ஒருத்தி, "அப்போ எனக்க சுடிதார்லயும் எடுத்திருப்பா," என்றாள். போட்டியை எல்லாரும் மறந்துபோனார்கள். அம்மை துணி திருடி ஆகிவிட்டாள். கைக்குட்டைக்குக்கூடக் காணாத துண்டுகள்! குப்பையாகக் கிடந்தவரை ஒருத்தரும் கேட்டதில்லை. பாவாடையானதும் ஆளாளுக்குச் சொந்தம் கொண்டாடினார்கள். என்ன நியாயம் இது?

அதன்பின் தைக்கக் கொடுக்க ஒருவரும் வரவில்லை. அம்மை என்னைத் திட்டவில்லை. "நீ நேருதான் சொன்ன மக்கா, பொய் ஒண்ணும் சொல்லல்லியே," என்று மட்டும் சொன்னாள். பிறகு ஒருநாள் சாயங்காலம், துண்டுகள் நிறைந்த சாக்கை ரோட்டோரத்துக்கு இழுத்துவந்து, பஸ்சுக்கு நின்றவர்கள் எல்லாரும் பார்க்கத் தீ வைத்தாள். என் பாவாடையையும் அதில் போட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் எரித்தால் போதாதா என்று அழுதுகொண்டே கேட்டேன். அவள் பஸ்சுக்கு நின்றவர்களைப் பார்த்தபடியே தீயைக் கிளறிவிட்டாள்.

பஸ்சுக்கு நின்ற டீச்சர் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களிடம் வந்தார். ஒரு துண்டும் மிஞ்சாமல் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பையிலிருந்து புதிய பிளவுஸ் துணியை எடுத்து, சிரித்துக்கொண்டே அம்மையிடம் நீட்டினார். அம்மையும் சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று அப்போது நான் சந்தோஷப்பட்டேன்.