நிலத்தில் கேட்கும், கடலில் கேட்காதா?

மணிவேல் அண்ணனை நான் முதலில் பார்த்ததே அவர் என்னோடு சண்டைக்கு நின்றபோதுதான். கோட்டுச்சேரியில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு மனைவி காசியம்மாவோடு வந்திருந்தார். இருபது வருடமாக விசைப்படகில் டிரைவர். காய்ப்பேறிய அந்த விரலில் இரண்டு முறை குத்திய பிறகுதான் ரத்தம் வந்தது. சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு.

இரண்டு வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். போன பயணத்தில், மூன்றாம் நாள் நடுக்கடலில் தாகமும் வாந்தியுமாகச் சுருண்டு விழுந்திருக்கிறார். படகு பாதி மீனோடு திரும்பியது. அப்படித் திரும்புவது அது மூன்றாவது தடவை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுத்துச் சரியாகி வீட்டுக்கு வந்தால், படகின் சொந்தக்காரர் வைத்திலிங்கம் சுக்கானை வேறு ஆளிடம் கொடுத்திருந்தார்.

"ஊசி ஒழுங்கா போடுறீங்களாண்ணே?"

"ஒரு வேள தவறுனதில்ல."

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். வரிச்சிக்குடியில் நாற்று நடுகிற அம்மாவுக்குப் பிறந்து, உயிர்வேதியியலில் பட்டம் வாங்கியவன். விடை கையில் இருக்கிற மிதப்பில் விளக்க ஆரம்பித்தேன். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் மேல்தோலில் இன்சுலின் வந்து உட்கார ஓர் இடம் இருக்கிறது. அது உட்கார்ந்ததும் சேதி கைமாறிக் கைமாறி உள்ளே போகும். உள்ளே மடங்கிக் கிடக்கும் சர்க்கரை வாசல்கள் மேலே வந்து திறக்கும். ரத்தத்தில் உள்ள சர்க்கரை அதன் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

"சில பேருக்கு இன்சுலின் வந்து உக்காந்தாலும் சேதி உள்ள போறதில்லண்ணே. உங்க செல்லு அது சொல்றதக் கேக்க மாட்டேங்குது. அவ்வளவுதான்."

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"மீன்பிடித் தடைக்காலத்துல ரெண்டு மாசம் வீட்லதான் கெடந்தேன். தெனம் சக்கரய குறிச்சு வச்ச நோட்டு, பாரு தம்பி. நூத்தம்பது, நூத்தறுபது. அதே ஊசி, அதே செல்லு. நெலத்துல கேக்குற செல்லு கடலுக்குப் போனா மட்டும் கேக்காதா? படிச்சவன்தான நீ, சொல்லு!"

"சத்தம் போடாதய்யா, இன்னும் ஏறிடப் போவுது" என்று காசியம்மா சட்டையைப் பிடித்து இழுத்தார்.

நோட்டைப் புரட்டினேன். அவர் சொன்னது சரி. கரையில் இருந்த நாளெல்லாம் ஒழுங்கு. கடலுக்குப் போன நாளெல்லாம் ஏற்றம். ஆனால் இன்று அவர் கரையில்தானே இருக்கிறார்?

"இன்னிக்குக் காலைல போட்டது எந்த மருந்துண்ணே?"

"கடலுக்கு எடுத்துட்டுப் போனதுல மிச்சம்தான். பாதி பாட்டில் இருக்கே, கொட்டிடவா முடியும்?"

"போட்டுல எங்க வச்சிருந்தீங்க?"

அவர் என்னை விவரம் கெட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஐஸ்லதான். ஜில்லுன்னு வைக்கச் சொன்னாங்க. எங்ககிட்ட இல்லாத ஐஸா? மீனுக்கு நடுவுல நல்லா பொதச்சு வச்சேன்."

காசியம்மாவின் பையிலிருந்து பாட்டிலை வாங்கி உள்ளங்கைகளுக்கிடையே உருட்டினேன். மோர் போல ஒரே சீராகக் கலங்க வேண்டிய மருந்து, திரிந்த பால் மாதிரி திப்பித் திப்பியாகக் கண்ணாடியில் ஒட்டியது. உடைத்துப் போட்ட ஐஸ் கட்டியில் புதைந்து மருந்து உறைந்திருக்கிறது. உறைந்து உருகியதை நம்ப முடியாது. செல்லின் மேல் அந்த இடம் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வந்து உட்கார வேண்டியதுதான் ஒழுங்காக வந்து சேரவில்லை.

"செல்லு மேல தப்பில்லண்ணே. நான் சொன்னதுதான் தப்பு. மருந்து கெட்டுப்போச்சு."

"அப்புடிச் சொல்லு!" என்றார். நானூற்றுப் பன்னிரண்டில் இருந்த மனுஷன் சிரித்தார்.

உடனே டாக்டரிடம் அனுப்பினேன். அவர் பாட்டிலைத்தான் மாற்றினார். அளவை மாற்றவில்லை. ஐந்தாம் நாள் நூற்றெழுபது. அந்தச் சீட்டோடு என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மணிவேல் அண்ணன் துறைமுகத்துக்குப் போனார்.

வைத்திலிங்கம் வலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கதையைக் கேட்டுவிட்டு, "மருந்தையும் எறாலோட ஏத்துமதி பண்ணப் பாத்தியா மச்சான்?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் முகம் மாறியது. "வெளையாட்டில்ல. ஒன்ன நம்பி ஏழு உசுரு ஏறுது. மறுபடி விழுந்தீன்னா?"

"ஏழு பேரும் பாக்கட்டும். காலைல ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ, எல்லாருக்கும் முன்னாடி வெரலக் குத்தி, வர்ற நம்பர சுக்கான் ரூம்பு செவுத்துல சாக்பீஸால எழுதுறேன். முன்னூறு தாண்டிச்சுன்னா நானே சுக்கான விட்டுட்டு ஒக்காந்துக்கிறேன். கொறஞ்சா கைகால் நடுங்கும், அதுக்குக் கடலமுட்டாய் வச்சிருக்கேன். ஒடம்பு கெட்டவன்னு மட்டும் சொல்லாத. கெட்டது மருந்து."

"இவருக்கு நீ ஜாமீனா தம்பி?" என்று வைத்திலிங்கம் என்னைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "எனக்கு எதுக்கு ஜாமீன்? என் செல்லு பதில் சொல்லும்."

வைத்திலிங்கம் சீட்டை மடித்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். "ஒரே ஒரு நடை" என்றார்.

அந்த நடையில் மருந்து ஐஸ் பக்கமே போகவில்லை. பெரிய மண்சட்டியில் ஈர மணல், அதற்குள் மூடி போட்ட சின்னச் சட்டி, அதற்குள் பாட்டில். சட்டி சுக்கான் அறையின் நிழலில் இருந்தது. ஐந்தாம் நாள் படகு நிறைய மீனோடு திரும்பியபோது நான் ஏறிப் பார்த்தேன். சுவரில் ஒன்பது எண்கள். அதிகம் இருநூற்றுப் பதினாறு.

அது போன ஆண்டு. மணிவேல் அண்ணன் இப்போது அதே படகில் டிரைவர். தினமும் இரண்டு வேளை ஊசி போட்டுக்கொள்கிறார். சுவரில் எழுதுவதை நிறுத்தவில்லை.